மேலே போகும் அம்புக்குறி: 14 பேருக்குக் கோப்புறை பிரித்துக் கொடுத்த கதை

அரை நாள் வேலை என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகம். அவர்களுடைய 14 வாடிக்கையாளர்களும் மாதாமாதம் பில், வங்கி அறிக்கை, சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்திவிட்டு ஒரு சர்வர் வைக்க வேண்டும். அவரவர் கோப்புகளை அவரவர் கோப்புறையில் போடுவார்கள். அடுத்தவர் கண்ணில் எதுவும் படக்கூடாது. அலுவலக ஊழியர்கள் மூவர் மட்டும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். லினக்ஸ் சர்வர்களோடு பல வருடம் பழகியவன் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. அந்த அரை நாள் ஒன்பது நாளாக நீண்டது. அதில் ஏழு நாளுக்குக் கூலி கேட்க எனக்கே வாய் வரவில்லை. இடையில் தள்ளிப்போட்ட இரண்டு வேலைகளில் ஒன்று வேறொருவர் கைக்குப் போய்விட்டது. யாராவது முன்கூட்டியே நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும்.

அலுவலகத்தில் "எஃப்டிபி" என்றுதான் கேட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர் அதுதான். அந்தக் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை 1971இல் முதன்முதலில் எழுதி வைத்தவர் எம்ஐடியில் இருந்த அபய் பூஷண். அன்று வலையில் இருந்த கணினிகள் மிகக் குறைவு. ஆளுக்கு ஆள் தெரியும். அதனால் பாஸ்வேர்டும் கோப்பும் மறைப்பே இல்லாமல் கம்பியில் போயின. சம்பளப் பட்டியலை இன்று அப்படி அனுப்ப முடியாது. எனவே எஸ்எஃப்டிபி என்று முடிவு செய்தேன். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இது எஃப்டிபிக்குப் பூட்டுப் போட்ட வடிவம் இல்லை. எஸ்எஸ்எச் என்ற மறையாக்கப்பட்ட தொலை இணைப்பு வழியாக, 22ஆம் போர்ட் ஒன்றிலேயே வேலையை முடித்துக்கொள்ளும் வேறொரு நெறிமுறை. இந்த முடிவில் மட்டும் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

முதல் நாள் காலை 14 பயனர்களை உருவாக்கினேன். ஒவ்வொருவருக்கும் ஹோம் கோப்புறை தானாக வந்தது. என் கணினியிலிருந்து ஒருவரின் பெயரில் நுழைந்து ஒரு கோப்பை ஏற்றினேன், இறக்கினேன். எல்லாம் சரி. மதியத்துக்குள் எல்லோருக்கும் பாஸ்வேர்டு அனுப்பிவிட்டு மடிக்கணினியை மூடினேன்.

மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். வயதானவர், நிதானமான குரல். "தம்பி, கோப்பெல்லாம் ஏறுகிறது. ஒரு சந்தேகம். இந்தப் பட்டியலில் மேலே இரண்டு புள்ளி போட்ட ஒரு வரி இருக்கிறதே, அதை அழுத்தினால் இன்னும் பதின்மூன்று பேர் பெயர் வருகிறது. அதில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அவருடைய சம்பளப் பட்டியலை நான் பார்ப்பது அவருக்குத் தெரியுமா?"

கை சில்லிட்டுவிட்டது. அந்தப் பெரியவர் செய்ததை நான் ஒருமுறைகூடச் செய்து பார்க்கவில்லை. கோப்பு ஏறுகிறதா என்றுதான் பார்த்தேனே தவிர, ஏறக்கூடாத இடத்துக்கு ஆள் ஏறுகிறாரா என்று பார்க்கத் தோன்றவில்லை. சர்வரில் ஓடியது உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் பதிப்பு. அதில் புதிய ஹோம் கோப்புறை 755 என்ற அனுமதியோடு பிறக்கும். அதாவது உரிமையாளர் எழுதலாம், மற்ற எல்லோரும் திறந்து படிக்கலாம். 21.04 பதிப்பில்தான் அதை 750 என்று இறுக்கினார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தெரிந்தும் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சர்வரை அந்த நிமிடமே மூடினேன். அடுத்து அலுவலக உரிமையாளர் கேட்ட கேள்வி இன்னும் மோசம்: "யார் யாருடைய கோப்பை யார் திறந்து பார்த்தார்கள்?" என்னிடம் பதில் இல்லை. எஸ்எஃப்டிபி பகுதி இயல்பு நிலையில் பிழைகளை மட்டுமே லாக்கில், அதாவது சர்வரின் பதிவேட்டில், எழுதும். யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதை எழுதாது. அதற்கு அமைப்பு வரியில் லாக் அளவை இன்ஃபோ என்று நாமே உயர்த்தி வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. ஆகவே 14 பேரையும் அழைத்து, "மூன்று நாள் உங்கள் கோப்புகள் மற்றவர்களுக்குத் தெரியும் நிலையில் இருந்தன, யாரும் பார்த்தார்களா என்று எங்களால் சொல்ல முடியாது" என்று சொல்ல வேண்டியதாயிற்று. உரிமையாளர் பேசினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருவர் கோபப்பட்டார்கள். ஒருவர் ஒன்றுமே பேசாமல் வைத்துவிட்டார். அதுதான் அதிகம் சுட்டது. நீங்கள் இப்படி ஒரு சர்வர் வைக்கப் போகிறீர்கள் என்றால், முதல் பயனரை உருவாக்கும் முன்பே இந்த லாக் வரியைப் போட்டுவிடுங்கள்.

இனி ஆளை அவர் கோப்புறைக்குள்ளேயே அடைத்துவைக்க வேண்டும். அதற்குத்தான் சிரூட் இருக்கிறது. எஸ்எஸ்எச்சைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 2008 முதல் இந்த வசதி உள்ளே கட்டப்பட்டிருக்கிறது. ஒரு கோப்புறையைக் காட்டி "இவருக்கு உலகத்தின் உச்சியே இதுதான்" என்று சர்வரிடம் சொல்லிவிட்டால், அவர் எவ்வளவு மேலே ஏறினாலும் அங்கேயே நிற்பார். அமைப்புக் கோப்பின் கடைசியில் மேட்ச் என்று தொடங்கும் ஒரு பகுதியைச் சேர்த்தேன். வாடிக்கையாளர் குழுவில் இருப்பவர் நுழைந்தால் சிரூட் அவருடைய ஹோம் கோப்புறை. கட்டாயக் கட்டளை இன்டர்னல்-எஸ்எஃப்டிபி, அதாவது கோப்புப் பரிமாற்றம் மட்டும். வேறு போர்ட்களுக்குத் திசைமாற்றம் கிடையாது. நான்கே வரி. சர்வரை மறுபடி தொடங்கிச் சோதித்தேன். பாஸ்வேர்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த நொடியே இணைப்பு அறுந்தது.

அன்று இரவு நான் செய்தவற்றை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றினேன். ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன். என் பக்கத்து மென்பொருளை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவினேன். "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்பதற்குமேல் அதுவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நள்ளிரவு தாண்டியதும், இந்தத் துறையில் எல்லோரும் ஒருமுறையாவது செய்திருக்கும் பாவத்தை நானும் செய்தேன்: எல்லா ஹோம் கோப்புறைகளுக்கும், அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையில், 777. யாரும் எதையும் செய்யலாம் என்று திறந்துவிட்டால் வேலை செய்துதானே ஆக வேண்டும்? செய்யவில்லை. அதுமட்டுமல்ல, அதுவரை பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பால் நுழைந்துகொண்டிருந்த ஊழியர்களாலும் நுழைய முடியவில்லை. சாவி இருக்கும் ஹோம் கோப்புறையில் வேறு யாரும் எழுத முடியும் என்றால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை நம்பாது. வேறொருவர் தன் சாவியை அங்கே நுழைத்திருக்கலாம் அல்லவா? அது சரியாகத்தான் நடந்துகொண்டது. நான்தான் கதவையும் உடைத்துவிட்டு, பூட்டும் வேலை செய்யவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

விடியற்காலை நாலரைக்குத்தான் சர்வரின் பக்கத்து லாக்கைத் திறந்தேன். ஆறு மணி நேரமாகப் பதில் அங்கே ஒரே வரியில் காத்திருந்தது: சிரூட் கோப்புறைப் பாதையின் இந்தப் பகுதியில் உரிமையோ அனுமதியோ சரியில்லை. எந்தப் பகுதி என்று பெயரோடு. நுழைகிறவரின் திரையில் காரணத்தைக் காட்டாதது குறையல்ல. வெளியாளுக்குச் சர்வரின் உள்விவரம் எதற்கு? தேட வேண்டிய இடத்தை நான்தான் தேடவில்லை. பாஸ்வேர்டு ஏற்கப்பட்டு உடனே இணைப்பு அறுந்தால் உங்கள் பக்கத்தில் எதையும் தொடாதீர்கள். சர்வரில் நுழைவுகளைப் பதியும் ஆத் லாக்கை ஓடவிட்டுக்கொண்டு இன்னொரு முறை நுழைந்து பாருங்கள்.

விதி இதுதான்: சிரூட்டாகக் காட்டும் கோப்புறையும், அதற்கு மேலே உச்சி வரை உள்ள ஒவ்வொரு கோப்புறையும் ரூட்டுக்கு (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகப் பயனருக்கு) சொந்தமாக இருக்க வேண்டும், ரூட்டைத் தவிர வேறு எந்தப் பயனரும் குழுவும் அவற்றில் எழுதக்கூடாது. கேட்டவுடன் அபத்தமாகத் தோன்றியது. கோப்புப் போட வருகிறவரின் கோப்புறையில் அவரே எழுதக்கூடாதா? பிறகு யோசித்தால் புரிகிறது. அடைபட்டவருக்கு அந்தச் சிறு உலகத்தின் உச்சியே சொந்தம் என்றால், அங்கே தன் விருப்பப்படி ஒரு பாஸ்வேர்டு கோப்பையும் நிரல் நூலகத்தையும் கட்டி வைத்து, ரூட் உரிமையோடு ஓடும் ஏதாவதொரு நிரலை ஏமாற்றி வெளியே வர வழி பிறக்கும். சிறையின் மதில் கைதியின் பெயரில் பட்டாவாக இருக்கக்கூடாது. எஃப்டிபி சர்வரான விஎஸ்எஃப்டிபிடியும் இதே காரணத்துக்காக 2.3.5 பதிப்பு முதல், உச்சியில் எழுத அனுமதி இருந்தால் "500 ஊப்ஸ்" என்று சொல்லிக் கதவடைக்கிறது. அதைத் தளர்த்த ஒரு வரி இருக்கிறது. பலரும் அந்த வரியைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கீழே சொல்லும் ஏற்பாட்டுக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம்தான் ஆகும்.

ஹோம் கோப்புறைகளை விட்டுவிட்டு, எஸ்ஆர்வி கோப்புறையின் கீழ் "கணக்கு" என்று ஒன்றை உருவாக்கி, அதற்குள் ஆளுக்கொரு கோப்புறை போட்டேன். அவை ரூட்டுக்குச் சொந்தம், அனுமதி 755. ஒவ்வொன்றுக்கும் உள்ளே "வரவு" என்று இன்னொரு கோப்புறை. அதுமட்டும் வாடிக்கையாளருக்குச் சொந்தம். ஆள் நுழைந்தால் உச்சியில் "வரவு" தெரியும், அதற்குள் தாராளமாகப் போடலாம், உச்சியில் ஒன்றும் செய்ய முடியாது. அமைப்பில் 14 பேருக்கும் 14 முறை எழுத வேண்டியதில்லை. பாதையில் பெயர் வர வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் யு என்ற எழுத்தும் போட்டால் நுழைகிறவரின் பெயர் அங்கே வந்து உட்காரும். நம்பிக்கையோடு சோதித்தேன். மறுபடியும் அறுந்தது.

இந்த முறை நேராக லாக்குக்குப் போனேன். அது குறை சொன்னது வாடிக்கையாளரின் கோப்புறையை அல்ல, "கணக்கு" கோப்புறையை. நேம்ஐ என்று ஒரு கட்டளை இருக்கிறது. முழுப் பாதையைக் கொடுத்து எல் விருப்பத்தோடு ஓட்டினால் உச்சியிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி எழுதிக் காட்டும். நான்கு வரிகள் வந்தன. முதல் இரண்டில் ரூட், ரூட். நான்காவதிலும் ரூட். மூன்றாவது வரியில், "கணக்கு" என்பதற்கு எதிரே, என் பெயர்! அந்தக் கோப்புறை எப்படியோ என் சொந்தப் பயனர் பெயரில் இருந்திருக்கிறது. உரிமையாளரை மாற்றும் ஒரு சிஎச்ஓன் கட்டளை, வேலை முடிந்தது. சிரூட் தகராறு செய்தால் நான் இப்போது முதலில் தட்டுவது நேம்ஐதான்.

மதியம் ஒரு சின்ன மேதாவித்தனம் செய்தேன். பாஸ்வேர்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாமே என்று அமைப்புக் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். மேட்ச் என்று தொடங்கிய பகுதி, அடுத்த மேட்ச் வரும் வரையோ கோப்பு முடியும் வரையோ நீண்டுகொண்டே போகும். இடைவெளி விட்டாலும், வரியை உள்தள்ளாமல் எழுதினாலும் அதற்குக் கவலை இல்லை. ஆகவே என் புதிய வரி அந்தப் பகுதிக்குள் போய் விழுந்தது. சர்வர் முழுவதற்கும் பொதுவான அந்த வரிக்கு அங்கே இடம் கிடையாது. மறுதொடக்கம் கொடுத்தேன், பழையது நின்றது, புதியது எழவே இல்லை. திரையில் வந்ததைப் படிக்காமல் என் இணைப்பையும் மூடித் தொலைத்திருந்தேன். சர்வர் வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் கன்சோல் வழியாகப் பின்வாசலில் நுழைந்து சரிசெய்ய இரண்டரை மணி நேரம் ஆனது. அமைப்பைத் தொட்டால் எஸ்எஸ்எச்டி கட்டளையை ஹைஃபன் சின்ன டி (t) போட்டு ஓட்டுங்கள். எழுத்துப் பிழையைச் சர்வரைத் தொடாமலேயே சொல்லிவிடும். பெரிய டி (T) போட்டு, பெரிய சி (C) விருப்பத்தில் ஒரு பயனரின் பெயரைக் கொடுத்தால், அந்த ஆளுக்கு உண்மையில் எந்தெந்த அமைப்பு பொருந்தும் என்று பட்டியலிடும். மறுதொடக்கத்துக்குப் பதிலாக ரீலோட் கொடுங்கள். புதிதாக ஒரு ஜன்னலில் நுழைந்து பார்க்கும் வரை பழைய ஜன்னலை மூடாதீர்கள். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். சொல்லப்போனால் மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்தது.

ஊழியர்கள் பக்கம் வேறொரு தலைவலி. மூவருக்கும் "கணக்கு" கோப்புறையையே சிரூட்டாக வைத்தேன். அது ரூட்டுக்குச் சொந்தம் என்பதால் தடையில்லை. வாடிக்கையாளர் போட்ட கோப்பைப் படிக்க முடிந்தது, திருத்த முடியவில்லை. புதிய கோப்புகளின் அனுமதியைக் குறைக்கும் யூமாஸ்க்கைத் தளர்த்தினால் போதும் என்று நினைத்து 0002 வைத்தேன். சிலருடைய கோப்புகளில் பலித்தது, சிலருடையவற்றில் பலிக்கவில்லை. காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள். கோப்பை அனுப்பும் மென்பொருள்களில் சில, அனுப்புகிறவரின் கணினியில் அந்தக் கோப்புக்கு இருந்த அனுமதியையும் சேர்த்தே அனுப்புகின்றன. யூமாஸ்க் அனுமதியைக் குறைக்கும், கூட்டித் தராது. 644, அதாவது உரிமையாளர் மட்டும் எழுதலாம் என்று வந்தது, 644 ஆகவே நிற்கும்.

கடைசியில் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: ஊழியர்கள் அங்கேயே திருத்த வேண்டுமா என்ன? வேண்டியதில்லை, எடுத்துக்கொண்டால் போதும். ஒரு கோப்பை நீக்கவோ பெயர் மாற்றவோ தேவைப்படும் அனுமதி அந்தக் கோப்பில் இல்லை. அது இருக்கும் கோப்புறையில் இருக்கிறது. கோப்புறை என்பது பெயர்ப் பட்டியல்தான். பட்டியலில் எழுத முடிந்தவர் பெயரை அடிக்கலாம். ஆகவே "வரவு" கோப்புறையின் குழுவை ஊழியர் குழுவாக்கி 2770 கொடுத்தேன். முன்னால் நிற்கும் அந்த 2, உள்ளே பிறக்கும் கோப்புகளுக்கும் அதே குழுவை ஒட்டிவிடும். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் இருக்கும் ஊழியர் கோப்புறைக்கு நகர்த்தும்படி வைத்தேன். முதல் நாளே ஓர் ஊழியர் "இந்தப் பட்டியலில் பாதிப் பேரைக் காணோம்" என்றார். ஏறிக்கொண்டிருந்த கோப்பைப் பாதியிலேயே அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. கடைசியாக மாறிப் பத்து நிமிடம் கடந்த கோப்புகளை மட்டும் எடுக்கும்படி மாற்றிய பிறகு அந்தப் புகார் வரவில்லை. இதில் நான் எதிர்பாராத நன்மை ஒன்று: "வரவு" பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. நாளை இன்னொரு ஓட்டை விழுந்தாலும் அங்கே பார்க்க அதிகம் இருக்காது.

இன்னொன்று, வாசற்படியில் இடறுவது போன்ற சின்ன விஷயம். நுழைந்ததும் நேராக "வரவு"க்குள் இருக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். பயனரின் ஹோம் பாதையை அதற்கேற்ப மாற்றினேன். சாவி வைத்திருந்த இருவரால் நுழைய முடியாமல் போனது. எஸ்எஸ்எச் சாவியைச் சிரூட்டுக்கு முன்பே, உண்மையான பாதையில் போய்த் தேடுகிறது. ஹோமை மாற்றினால் அது இல்லாத இடத்தில் தேடும். ஹோமைத் தொடாமல், இன்டர்னல்-எஸ்எஃப்டிபி வரியிலேயே ஹைஃபன் டி (d) போட்டுத் தொடங்கும் கோப்புறையைச் சொல்லலாம். சாவிகளையும், அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசிக்குள் தனி இடத்துக்கு மாற்றிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் அந்தப் பெரியவரை அழைத்து, "ஐயா, மறுபடியும் அந்த இரண்டு புள்ளியை அழுத்திப் பாருங்கள்" என்றேன். அழுத்தினார். "இரண்டு முறை அழுத்திவிட்டேன் தம்பி, நின்ற இடத்திலேயே நிற்கிறது" என்றார். பிறகு மறுமுனையில் மெல்லச் சிரித்து, "வேறு ஏதாவது அழுத்த வேண்டுமா?" என்று கேட்டார். அதன்பிறகு எந்தச் சர்வரை ஒப்படைத்தாலும் நிர்வாகியாக இல்லாமல், மிகக் குறைந்த அனுமதி உள்ள ஒரு பயனராக நுழைந்து, நடக்கக் கூடாதவற்றை முதலில் முயன்று பார்க்கிறேன்: மேலே ஏறு, அடுத்தவர் பெயரைப் பாதையில் தட்டு, உச்சியில் கோப்புறை உருவாக்கு, எஸ்எஸ்எச்சில் நேராக நுழை. நான்கும் தோற்ற பிறகுதான் கோப்பு ஏறுகிறதா என்று பார்ப்பேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். சில மாதம் கழித்து இன்னொரு பாடம் வந்தது. 62 விண்ணப்பப் படிவங்களை எல்லா வாடிக்கையாளர்களும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு பொதுக் கோப்புறை கேட்டிருந்தார்கள். முதலில் வேறொரு பாதையைக் காட்டும் சிம்லிங்க் போட்டேன்; பெயர் தெரிந்தது, திறக்கவில்லை. அடைபட்ட உலகத்துக்கு வெளியே இருக்கும் பாதையை உள்ளே இருப்பவரால் எப்படித் தொட முடியும்? பைண்ட் மவுண்ட் போட்டதும் திறந்தது. ஒரே கோப்புறை 14 வீட்டுக்குள்ளும் நிற்பது போல. சர்வர் ஒருமுறை அணைந்து எழுந்ததும் எல்லாம் மறைந்துவிட்டது; சர்வர் எழும்போது படிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிய பிறகு நிலைத்தது. பிறகு ஒரு வாடிக்கையாளர் விலகினார். ரூட்டாக நின்று அவருடைய கோப்புறையை ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளை கொடுத்து வேரோடு அழித்தேன். படிவங்கள் கோப்புறை "பயன்பாட்டில் இருக்கிறது, நீக்க முடியாது" என்று ஒரு வரி வந்தது. ஏதோ திறந்திருக்கிறது போல என்று விட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் தொலைபேசி: யாருக்குமே படிவங்கள் இல்லை.

நீக்க முடியாதது கோப்புறை என்ற வெறும் கூடுதான். உள்ளே இருந்த 62 படிவங்களும் அதற்கு முன்பே அழிந்துவிட்டன. வேறு கோப்பு முறைமைக்குள் தாண்டாதே என்று ஆர்எம்முக்குச் சொல்லும் விருப்பம் ஒன்று உண்டு. ஆனால் இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருந்ததால் அதுவும் என்னைக் காப்பாற்றியிருக்காது. பிரதி போன வாரத்தது. அதற்குப் பிறகு சேர்ந்த ஐந்து படிவங்களை ஊழியர் ஒருவர் மறுபடி உட்கார்ந்து தட்டினார். இப்போது அந்த மவுண்ட்களைப் படிக்க மட்டும் என்று வைத்திருக்கிறேன். ஒரு பயனரை நீக்கும் முன் மவுண்ட்களைப் பட்டியலிடும் ஃபைண்ட்மவுண்ட் (findmnt) கட்டளையில் அவருடைய பெயரைத் தேடுகிறேன். ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் கழற்றி, எஃப்எஸ்டேப்பில் அந்த வரியை அடித்து, கோப்புறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஆர்எம்.